கையில் 40,000 ரூபாய்: முதலில் மைக்கா, அறையா?

சுருதிப்பெட்டி: கர்நாடக இசைப் பாட்டும் மிருதங்கமும் வீட்டிலேயே பதிவு செய்ய ஆசை. மடிக்கணினி இருக்கிறது. அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. பாதிப் பணத்தை மெல்லிய ஒலியையும் பிடிக்கும் நல்ல கண்டென்சர் மைக்கில் போடலாமா, அறையைச் சரிசெய்யலாமா?

வலந்தலை: அறைதான், சந்தேகமே வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்றால் அதைவிட மோசமான அறை கிடையாது. பத்தடிக்கு சுமார் 56 ஹெர்ட்ஸ், அதன் மடங்கு 112 ஹெர்ட்ஸ் என்று மூன்று திசையிலும் ஒரே ஒலி சேர்ந்து முழங்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒரு கும்கி (கையை அழுத்தி எழுப்பும் கீழ் ஒலி) கொடுத்துப் பாருங்கள், அறையும் கூடவே வாசிக்கும். கண்டென்சர் அதையும் பிடிக்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் பிடிக்கும். மைக் விலை கூடக்கூட விசில் இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

ராப்பாடகன்: அறை அறை என்று பயமுறுத்தியே பாதிப் பேரைப் பாடவிடாமல் செய்கிறீர்கள். 2020இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கிய பில்லி ஐலிஷின் ஆல்பம், லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் அண்ணனின் படுக்கையறையில் உருவானதுதானே? ஷூர் எஸ்எம்58 போல, மெல்லிய ஒலியை அவ்வளவாகப் பிடிக்காத ஒரு டைனமிக் மைக், இரண்டு மைக்கை மடிக்கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், காதை மூடும் ஹெட்ஃபோன் போதும். மைக் வாயருகே நாலு விரல் தூரத்தில் இருக்கட்டும். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் சும்மா பயன்படுத்தலாம், அப்புறம் உரிமம் 60 டாலர்.

வலந்தலை: அந்த ஆல்பத்தில் ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்தவரும், கடைசி மெருகு கொடுத்து மாஸ்டர் செய்தவரும் வேறு ஆட்கள், அதை விட்டுவிட்டீர்களே. தவிர, அது காதோரம் முணுமுணுக்கிற குரல். நம் பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கையை வீசி, தலையைத் திருப்பாமல் பாடுவாரா? ஒரு சங்கதி மைக்குக்கு, அடுத்தது சுவருக்கு என்று போகும். மிருதங்கத்திலும் அப்படித்தான். வலப்பக்கமான வலந்தலையை ஒட்டி மைக்கை வைத்தால் விரல் அடிதான் விழும், கட்டையின் நாதம் வராது.

ராப்பாடகன்: சரி, ஒரு சாண் தள்ளி வைக்கட்டும். ஆனால் அறைக்கு என்ன செய்யச் சொல்கிறீர்கள், முட்டை அட்டையா?

வலந்தலை: முட்டை அட்டையை நான் எங்கே சொன்னேன்? அது கும்கியை ஒன்றும் செய்யாது, சட்டென்று தீயும் பிடிக்கும். 2 அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி எடுத்த இழை) பலகை, மரச்சட்டம், மேலே பருத்தித் துணி. சுவரை விட்டு 2 அங்குலம் தள்ளி மாட்டினால் இன்னும் கீழ் ஒலிகளையும் உறிஞ்சும். மூலைகளில் இரட்டைத் தடிமன் வேண்டும். வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியதுதான்.

மொட்டைமாடி: ரெண்டு பேரும் ஃபேனை மறந்துவிட்டீர்கள். ராக்வூல் எக்கோவைக் குறைக்கும், தெருச் சத்தத்தை நிறுத்தாது. ஹாரன் சத்தம் ஜன்னல் இடுக்கு வழியாக வந்தே தீரும். ஃபேனை அணைத்துவிட்டு விடியற்காலையில் பாடச் சொல்லுங்கள். தம்புரா ஹெட்ஃபோனில் மட்டும் ஒலிக்க வேண்டும். குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டால் பிசிறிய இடத்தில் வெட்டி ஒட்டுவது பெரும்பாடு. உர்ரென்று ஹம் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம்.

சுருதிப்பெட்டி: மிருதங்கத்துக்கு ஒரு மைக் போதுமா?

ராப்பாடகன்: ஆரம்பத்துக்குப் போதும். முன்னால் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள், தொப்பியும் வலந்தலையும் சமமாக விழும்.

வலந்தலை: ஒன்றரை அடியா! இந்த அறையில் அவ்வளவு தள்ளினால் அறையும்தானே பதிவாகும்? இப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா?

ராப்பாடகன்: மாட்டேன். சுவரில் ரெண்டு மெத்தையைச் சாய்த்து, பீரோவைத் திறந்து வைத்தால் செலவே இல்லை.

வலந்தலை: மெத்தை மேல் ஒலிகளைத் தின்னும், கும்கி அப்படியே நிற்கும். பதிவு செய்து இங்கே போடுங்கள், கேட்டுவிட்டுப் பேசுவோம்.