ஐப்பசியில் மாங்காய் பறிப்பு: ஆஸ்திரேலியப் பண்ணை வேலை அனுபவங்கள்

கிருஷ்ணகிரிக்காரன்:

462 விசாவில், அதாவது ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்ற ஆஸ்திரேலிய விசாவில், வந்து மாம்பழ சீசனுக்குப் போகலாமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நான் 2025 சீசனில் ஆஸ்திரேலியாவின் வடக்கே கேத்தரின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். டார்வினிலிருந்து தெற்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நமக்குச் சித்திரை, வைகாசியில் வரும் பழம் அங்கே ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. தீபாவளியன்று வீடியோ காலில் மரத்தைக் காட்டினேன். "போன வருஷம் எடுத்ததாடா இது?" என்றார் அப்பா. நாங்கள் மா வைத்திருக்கும் குடும்பம், அவரால் அதை நம்ப முடியவில்லை.

விசா விவரம் தெரியாதவர்களுக்கு: 18 முதல் 30 வயது வரை. பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடமாவது படித்திருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வு உண்டு, கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். இந்தியர்களுக்கு வருடம் 1,000 இடம்தான், அதுவும் குலுக்கலில். முதல் குலுக்கலுக்குப் பதிவு நடந்தது 2024 அக்டோபரில். ஆக, பட்டம் வாங்கியவனைத் தேடி எடுத்து மாமரத்தடியில் நிறுத்தும் விசா இது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஆனால் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் தெருவில் இன்னும் நான் "ஆஸ்திரேலியாவில் இன்ஜினியர்"தான்.

வேலை எப்படி என்றால், நம் ஊர்போல தொரட்டியும் வலையும் கிடையாது. டிராக்டர்போல ஒரு வண்டி வரிசைக்குள் மெதுவாக ஊர்ந்து போகும். அதன் இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி தார்ப்பாய். அதன் மேல் சோப்பு கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். காம்பைக் கிள்ளிக் காயை அதில் போட வேண்டும், மாங்காய்ப்பால் தோலில் படாமல் கழுவிக்கொண்டு போய்விடும். பால் பட்ட இடம் கறுத்துவிட்டால் பழத்துக்குக் கடையில் விலை இல்லை. பழத்தின் தோலுக்கு இவ்வளவு ஏற்பாடு, நம் தோலுக்கு முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, ஒரு கிரீம். 40 டிகிரியை நெருங்கும் வெயிலில் இதையெல்லாம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் பொழுது விடியும்போதே தொடங்கி மதியம் முடித்துவிடுவார்கள். மழைக்கு முந்தைய மாதங்கள் அவை. வானம் தினமும் கறுக்கும், பெய்யாது, புழுக்கம் மட்டும் ஏறும். சென்னையின் மே மாதம் தேவலை.

பறித்ததில் பாதிக்கு மேல் கென்சிங்டன் பிரைட். நாரும் மணமும் இருக்கும், எனக்குப் பிடித்தது. காலிப்சோவும் கொஞ்சம் இருந்தது. பார்க்க அழகு, வாயில் வைத்தால் வெறும் இனிப்பு. மல்கோவா சாப்பிட்டு வளர்ந்தவனிடம் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

நான் சொல்ல வந்தது எங்கள் வண்டியில் இருந்த வனுவாட்டு ஆட்களைப் பற்றி. பசிபிக் தீவு நாடுகளிலிருந்தும் கிழக்குத் திமோரிலிருந்தும் பாம் என்ற அரசுத் திட்டத்தில் சீசன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். எங்கள் குழுத் தலைவர் நாற்பதைத் தாண்டியவர், பல சீசன் பார்த்தவர். நான் ஒரு காயை எட்டிப் பிடிப்பதற்குள் அவர் நாலு காயைத் தண்ணீரில் போட்டிருப்பார். ஞாயிறு காலை அவர்கள் குடியிருப்பிலிருந்து பாட்டு வரும். நாலு குரல், கருவி எதுவும் இல்லை. அதற்காகவே சீக்கிரம் எழுந்திருக்கிறேன்.

ஒரு நாள் இடைவேளையில் கேட்டார்: "உங்கள் ஊரில் மாமரமே இல்லையா?" எங்கள் ஜில்லாவே மாந்தோப்புதான் என்றேன். "அப்புறம் ஏன் இங்கே வந்து பறிக்கிறாய்?" என்று சிரித்தார். ஊரில் நாள் முழுக்கப் பறித்தால் வரும் கூலி இங்கே அரை மணி நேரத்தில் வருகிறது என்று கணக்குச் சொன்னேன். தன் ஊரிலும் அதே கணக்குத்தான் என்றார். பள்ளிக் கட்டணமும் ஒரு சிமென்ட் வீடும் இந்த மரங்களிலிருந்துதான் வந்தனவாம்.

பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டது. அவருக்கு விசா ஒரு முதலாளியோடு கட்டியது. சண்டை வந்தால் மூட்டை கட்டி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. எனக்கு முடியும், நாளைக்கே போகலாம். ஆனால் அவருக்கு வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரச் சம்பளம் உத்தரவாதம். காய் முற்றவில்லை என்று ஐந்தாறு நாள் தோட்டம் நின்றபோது முதலில் நிறுத்தப்பட்டது எங்களைப் போன்ற பேக்பேக்கர்கள். வனுவாட்டு ஆட்களை ஷெட்டைக் கழுவவும் வேலி கட்டவும் அனுப்பினார்கள். நாங்கள் அறையில் படுத்துக்கொண்டு வாடகை கட்டினோம்.

சுதந்திரமான விசா என்று ஏஜென்ட்கள் யூடியூபில் சொல்வது பொய் இல்லை. அந்தச் சுதந்திரத்துக்கு வாடகை யார் கொடுப்பது என்பதைத்தான் சொல்வதில்லை. கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் பிடிக்காத இடத்தை விட்டு எழுந்து போகலாம். இல்லாவிட்டால் நீங்களும் கட்டிப் போட்டவர்தான், காகிதத்தில் மட்டும் இல்லை.

பணம்: 2025 ஜூலையில் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. நம்மைப் போன்ற கேஷுவல், அதாவது நிரந்தரமில்லாத, ஆட்களுக்கு அதோடு 25 சதவீதம் சேர்ந்து 31 டாலர் சொச்சம் வந்தது. வரி முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம். முதலாளி தனியாகக் கட்டும் சூப்பர், அதாவது ஓய்வுக்கால சேமிப்பு, 12 சதவீதம். ஆனால் நாட்டை விட்டுப் போகும்போது அதில் 65 சதவீதத்தை அரசே எடுத்துக்கொள்ளும். அதை வருமானமாக எண்ணி மனக்கோட்டை கட்டாதீர்கள்.

ஈப்போ பையன்:

அண்ணே, நான் மலேசியா. எங்களுக்கும் இதே 462 இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க பாதிப் பேர் சுற்றுலாவுல வந்து அப்படியே தோட்டத்துல இறங்கிடுறாங்க, கதையே அங்கதான் ஆரம்பம். நான் விக்டோரியாவுல ராபின்வேல் பக்கம் திராட்சை வெட்டுனேன். சரியான விசாவுலதான் வந்தேன், ஆனா வேலை புடிச்சது காண்ட்ராக்டர் மூலமா. வேன் காசு, வீட்டு வாடகை, கத்தரிக்கோல் காசு எல்லாம் பிடிச்சுட்டு மிச்சத்தைக் கையில ரொக்கமா கொடுப்பாரு. சம்பளச் சீட்டு கேட்டா "நம்ம ஆளு நீ, சீட்டெல்லாம் எதுக்கு லா"ன்னு தோள்ல தட்டுவாரு. தமிழ்ல பேசுறதுதான் அவரு மூலதனம்.

எங்க பாட்டி பேராக்ல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. போன்ல இதெல்லாம் சொன்னேன். "கங்காணி இன்னும் சாகலையா?"ன்னு கேட்டாங்க. அந்தக் காலத்துல ஊருல முன்பணம் கொடுத்து ஆள் கூட்டியாந்து, தலைக்கு இவ்வளவுன்னு தோட்டத்துக்காரன்கிட்ட வாங்கின அதே ஆளு, இப்ப டொயோட்டா வேன் ஓட்டுறாரு.

சீட்டு இல்லாம வேலை செஞ்சா அது ரெண்டாவது வருஷ விசாவுக்குக் கணக்குல வராது. மூணு மாசம் அரசு சொன்ன வகை வேலை செஞ்சதுக்கு ஆதாரம் வேணும். சம்பளம் பேங்க்ல விழணும், சீட்டுல முதலாளியோட ஏபிஎன், அதான் தொழில் பதிவு நம்பர், இருக்கணும். விக்டோரியாவுல, குயின்ஸ்லாந்துல காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் கட்டாயம், அரசு வெப்சைட்ல பேரைப் போட்டுப் பார்க்கலாம். நான் பார்த்தேன். அவரு பேரு அங்க இல்ல. மறுநாளே கிளம்பிட்டேன். பெட்டிக் கணக்குல வேலை கொடுத்தாலும் 2022 ஏப்ரல்லேர்ந்து மணிக்கூலிக்குக் கீழ போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதையும் அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கோவை சிறுவாணி:

நான் குயின்ஸ்லாந்தில் பண்டபெர்க், சில்டர்ஸ் பக்கம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு. முதுகு போய்விடும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டல் பற்றிச் சொல்கிறேன். அங்கே பல ஹாஸ்டல்கள் "எங்களிடம் தங்கு, வேலை நாங்கள் பார்த்துத் தருகிறோம்" என்பவை. முதல் வாரம் வேலை வரும் வரும் என்பார்கள். வாடகை மட்டும் தவறாமல் வரும்.

சில்டர்ஸ் ஊர் நடுவில் ஒரு பழைய மாடிக் கட்டிடம் இருக்கிறது. 2000 ஜூன் 23 அன்று அங்கிருந்த பேக்பேக்கர் விடுதியில் ஒருவன் தீ வைத்ததில் 15 பேர் இறந்தார்கள். புகை அலாரம் வேலை செய்யவில்லை. எல்லோரும் நம் வயது, பழம் காய்கறி பறிக்க வந்தவர்கள். உள்ளே அவர்கள் அனைவரையும் ஒரே ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு எந்த அறைக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்க்கிறேன், அப்புறம் இரண்டாவது வழி எது என்று. ஒரு இடத்தில் அந்த இரண்டாவது கதவுக்கு முன்னால் ஃபிரிட்ஜ் வைத்திருந்தார்கள். நகர்த்தச் சொன்னேன். முகம் சுளித்தார்கள், ஆனால் நகர்த்தினார்கள்.

பண்ருட்டி:

கிருஷ்ணகிரி அண்ணா, எனக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டாலே கை வெந்து தோல் உரியும். மாங்காய்ப்பால் சேருமா?

கிருஷ்ணகிரிக்காரன்:

தம்பி, மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். உனக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்றால் பறிப்புக்கு வராதே. எங்களோடு வந்த ஒரு பிரெஞ்சுப் பையனுக்கு மூன்றாம் நாள் கண்ணிமை வரை வீங்கி, ஷெட்டுக்கு மாற்றினார்கள். அங்கே அட்டைப்பெட்டியில் அடுக்குவது, ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை, ஒரு பெட்டி 7 கிலோ. ஆனால் ஷெட்டிலும் பால் முழுக்கப் போயிருக்காது. உனக்கு கிழங்கு, தர்பூசணி எதையாவது பார். முதுகுதான் வலிக்கும்.

மற்றவர்களுக்கு: டார்வின் பக்கம்தான் முதலில் முற்றும், செப்டம்பர் கடைசியிலேயே ஆள் தேடுவார்கள். அடுத்து கேத்தரின். அது முடிகிற சமயம் குயின்ஸ்லாந்தில் போவன், அதற்கும் பிறகு மரீபா. எங்கள் வண்டியில் இருந்த ஜெர்மன் பெண்கள் இரண்டு பேர் பழைய வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு இப்படியே பழத்தின் பின்னால் போனார்கள். வேன் இல்லாதவன் தோட்டம் முடிந்ததும் கேத்தரின் ஊருக்குள் வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். டிக்கெட்டை முன்னாலேயே போட்டு வையுங்கள்.