அட்வான்சில் பெயின்டிங் காசு பிடிக்கலாமா? 1,00,000-ல் 46,150 போச்சு

ஆதம்பாக்கம்_முதல்மாடி எழுதியது:

விவரத்தை முதலிலேயே போட்டுவிடுகிறேன். சென்னை ஆதம்பாக்கம், இரண்டு படுக்கையறை வீடு. வாடகை 14,000. அட்வான்ஸ் 1,00,000, பேங்க் வழியாகக் கொடுத்தது. குடியிருந்தது 3 வருஷம் 2 மாசம். 11 மாச அக்ரிமென்ட் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை போட்டது, அப்புறம் புதுப்பிக்கவில்லை. வாடகை பாக்கி கிடையாது. காலி செய்யப்போவதை 18 நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் சொல்லியாச்சு. அக்ரிமென்டில் ஒரு மாச நோட்டீஸ் என்று இருக்கிறது.

சாவி கொடுத்து 40 நாள் கழித்து 53,850 மட்டும் வந்தது. மீதிக்கு ஓனர் அனுப்பிய கணக்கு: பெயின்டிங் 22,000, வீடு கழுவ 3,000, கீசர் ரிப்பேரும் இரண்டு குழாயும் 3,800, ஜன்னல் கண்ணாடி 1,200, நோட்டீஸ் குறைவுக்கு ஒரு மாச வாடகை 14,000, கரண்ட் பில் 2,150.

இதில் எது நியாயமான பிடித்தம், எது இல்லை? போலீசில் சொன்னால் எடுப்பார்களா?

---

பத்திரப்புலி எழுதியது:

போலீஸ் வேண்டாம். பணத் தகராறு, "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் (உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவது) 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்வான்ஸ் பற்றிப் பேசுவது 11-ஆம் பிரிவு. வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. 40 நாள் என்பதே தாமதம்தான்.

அதே பிரிவில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் "மாறாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற வாசகத்தோடு. அதனால் "42,000-க்கு மேல் வாங்கியதே தப்பு" என்று நோட்டீசில் எழுதி பலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தொகை அது.

இனி கணக்கு. யார் எந்த ரிப்பேரைச் செய்வது என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்தே வைத்திருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் தலையில். தண்ணீர்க் குழாய், வாஷர், கழிவறை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது எல்லாம் வாடகைதாரர் தலையில்.

அப்படிப் பார்த்தால் பெயின்டிங் 22,000 நிற்காது. மூன்று வருஷத்தில் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். குழந்தை கிரேயான்ஸால் வரைந்தது, சமையலறைச் சுவரில் எண்ணெய் படலம், கேட்காமல் அடித்த அடர்நிறம், ராவல் பிளக் போட்டுப் பெயர்ந்த பூச்சு, இவைதான் விதிவிலக்கு. அப்போதும் அந்தச் சுவருக்கான செலவுதான், வீடு முழுக்க அல்ல.

கழுவிய காசு 3,000: குப்பையும் சாமானும் அப்படியே விட்டுப் போயிருந்தால் கேட்கலாம். பெருக்கித் துடைத்து விட்டிருந்தால் முடியாது. கண்ணாடி 1,200 உங்களுடையது. கீசர், குழாய் 3,800-ம் உங்களுடையதே, பில் இருந்தால். கரண்டு, சாவி கொடுத்த அன்றைய மீட்டர் ரீடிங் வரைக்கும் நீங்கள்.

நோட்டீஸ் 14,000: அக்ரிமென்ட் எப்போதோ முடிந்துவிட்டது, அந்த ஷரத்தும் அதோடு போயிற்று. இதையும் கேட்டு வாங்குங்கள்.

---

வீட்டுக்காரன் எழுதியது:

மேலே சொன்னதில் கடைசிப் பத்தி சரியில்லை. 11 மாசம் முடிந்தும் யாரும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால் அதே நிபந்தனைகளோடு மாதாமாத வாடகையாகத் தொடரும், அதிகபட்சம் ஆறு மாசத்துக்கு என்று 2017 சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகும் உரிமையாளர் வாடகை வாங்கிக்கொண்டே இருந்தால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 116-ஆம் பிரிவைப் பிடித்து "பழைய ஷரத்துகள் தொடர்ந்தன" என்று வாதாடலாம். ஆக ஒரு மாச நோட்டீஸ் ஷரத்து செத்துப்போனது என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதே சமயம் முழு 14,000 பிடிப்பதும் அநியாயம். 18 நாள் கொடுத்தாச்சு, குறைவு 12 நாள். 14,000-ஐ 30-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் 5,600. அந்த 12 நாளுக்குள் வேறு குடித்தனம் வந்து வாடகை ஓட ஆரம்பித்திருந்தால் அதுவும் குறையும். நஷ்டத்தைக் குறைக்க என்ன செய்ய முடிந்தது என்று பார்ப்பது ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அடுத்த குடித்தனம் எப்போது வந்தது என்று வாட்ச்மேனிடமோ கீழ்வீட்டிலோ விசாரித்து வையுங்கள்.

கீசர்: ஹீட்டிங் காயில், தெர்மோஸ்டாட் மாற்றியது என்றால் வாடகைதாரர் செலவு. டேங்கே ஓட்டை விழுந்து புதுசு வாங்கியிருந்தால், பத்து வருஷப் பழசுக்குப் புது விலையைக் கேட்பது எடுபடாது. பில்லில் எந்த உதிரிப்பாகம் என்று எழுதியிருக்கும், அதைக் கேளுங்கள்.

உரிமையாளர்கள் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. பெயின்டர் துண்டுச் சீட்டில் "22,000 பெற்றேன்" என்று எழுதிக் கொடுப்பது எதற்கும் உதவாது. எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, எத்தனை கோட், கூலி எவ்வளவு, பெயின்ட் எவ்வளவு என்று இருக்கணும். குடிவரும் அன்றும் போகும் அன்றும் ஒரே இடத்தில் நின்று எடுத்த போட்டோ வேண்டும். இது இல்லாமல் பிடிப்பவர்கள்தான் பின்னால் மாட்டுகிறார்கள்.

---

ஆதம்பாக்கம்_முதல்மாடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பெயின்டிங் பற்றி அக்ரிமென்டில் ஒரு வரியும் இல்லை. காலி செய்த அன்று எடுத்த வீடியோ இருக்கிறது, குடிவந்த அன்று எடுத்தது இல்லை. பில் எதுவும் அனுப்பவில்லை. அக்ரிமென்ட் எங்கேயும் பதிவாகவில்லை. இனி என்ன வழி?

---

முன்சீப்கோர்ட்_வாசல் எழுதியது:

பெயின்டிங் ஷரத்து இல்லாதது நல்லது. "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு" என்ற வரி சென்னை அக்ரிமென்டுகளில் சாதாரணமாக இருக்கும். அது இருந்தால் உங்கள் வாதம் பாதி போய்விடும்.

பதிவு விஷயம் சிக்கல். 11 மாசம் போட்டால் பதிவே வேண்டாம் என்ற நம்பிக்கை பத்திரப்பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது, அங்கே ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் கட்டாயம். 2017 சட்டம் வேறு. எத்தனை மாசமானாலும் எழுத்தில் போட்டு, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்கணும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்கிறது 4ஏ பிரிவு.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கத்தி ஓனர் கையையும் வெட்டும். அக்ரிமென்டைக் காட்ட முடியாது என்றால் ஒரு மாச நோட்டீஸ் ஷரத்தை அவர் எதை வைத்துக் காட்டுவார்? ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106 சொல்வது 15 நாள். உங்களுடையது 18. (அந்தப் பிரிவு கையெழுத்திட்ட எழுத்து மூலமான நோட்டீஸ் கேட்கிறது, வாட்ஸ்அப் போதுமா என்று எதிர்த்தரப்பு கிளப்பும்.) அட்வான்ஸ் கொடுத்ததற்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. 53,850 திருப்பி அனுப்பியதும், பிடித்தக் கணக்கை எழுதி அனுப்பியதுமே அட்வான்ஸ் வாங்கியதை அவர் ஒப்புக்கொண்டதுதான்.

வீட்டுக்காரன் சொன்ன கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். 1,200, 3,800, 5,600, 2,150 கூட்டினால் 12,750. பிடித்த 46,150-ல் இதைக் கழித்தால் 33,400. கேட்க வேண்டிய தொகை இதுதான். முழு 46,150-ஐக் கேட்டால் பேச்சே நின்றுவிடும். எது சரியென்று ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதையும் எழுதினால்தான் நடுவில் இருப்பவர் உங்கள் பக்கம் காது கொடுப்பார்.

முதலில் நீங்களே ஒரு கடிதம். வீட்டு முகவரி, சாவி கொடுத்த தேதி, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஒரு வரி, 33,400, 15 நாள் கெடு, தவறினால் வட்டியும் சேர்த்துக் கேட்பேன் என்ற வாசகம். ஒரு பக்கம் போதும். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் கவுன்டரில் ஒப்புகை அட்டையும் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் பிடிஎஃப்பாகப் போடுங்கள். கவர் "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

பதில் வராவிட்டால் உடனே கேஸ் போட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுங்கள். வெள்ளைத்தாள் போதும், கட்டணம் இல்லை. அவர்களே எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிடுவார்கள். 33,400 ரூபாய்க்கு வருஷக்கணக்கில் அலைவதை விட ஓனரும் இங்கேதான் இறங்கி வருவார். சமரசம் லோக் அதாலத்தில் பதிவானால் அது கோர்ட் டிக்ரி மாதிரி, அப்பீல் கிடையாது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் சட்ட உதவி எண் 15100-க்கு அடியுங்கள். ஒரே குறை, ஓனர் வரவே மாட்டேன் என்றால் அவர்களால் இழுத்து வர முடியாது.

அதற்கு மேல் வழக்குதான். பணம் கேட்க மூன்று வருஷக் காலவரம்பு இருக்கிறது. வாடகை நீதிமன்றத்தில் முதல் கேள்வி "பதிவு எண் எங்கே" என்றிருக்கும். சிவில் கோர்ட்டில் போட்டால் எதிர்த்தரப்பு 2017 சட்டத்தின் 40-ஆம் பிரிவைக் காட்டி "இங்கே விசாரிக்க முடியாது" என்று எதிர்க்கும். எந்தக் கதவு என்பதை உங்கள் காகிதங்களைப் பார்த்து ஒரு வக்கீல்தான் முடிவு செய்யணும், இங்கே கேட்டுச் செய்யாதீர்கள்.

---

கேகேநகர்க்காரி எழுதியது:

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கடைசி ஏழு மாச வாடகையை "அட்வான்சில் கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டால்? ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே செய்கிறார்கள். இன்னொன்று, லீசுக்கு 8 லட்சம் கொடுத்து வாடகையே இல்லாமல் இருக்கிறார்களே, அந்தப் பணத்துக்கும் இதே சட்டமா?

---

பத்திரப்புலி எழுதியது:

நோட்டீஸ் விஷயத்தில் வீட்டுக்காரன் சார் சொன்னதுதான் சரி, 5-ஆம் பிரிவை நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

@கேகேநகர்க்காரி அம்மா, ஓனர் "சரி" என்று எழுத்தில் சொன்னால் கழிக்கலாம். தன்னிச்சையாக நிறுத்தினால் அது வாடகை பாக்கி. இரண்டு மாசம் சேர்ந்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் வெளியேற்றக் கேட்க அதுவே காரணம் (21-ஆம் பிரிவு). அப்படி நடந்தால் ஓனர் தண்ணீரை நிறுத்துவது, மோட்டார் பியூசைப் பிடுங்குவது என்று இறங்குவார். அது 20-ஆம் பிரிவின்படி அவர் செய்யக் கூடாதது, வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், ஆனால் அதுவரை குடத்தோடு அலைவது நீங்கள்தான்.

லீஸ் என்று நம் ஊரில் சொல்வது உண்மையில் போக்கியம். வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிப்பது, அதாவது அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட அடமானத்துக்கு இரண்டு சாட்சிகளோடு பதிவான பத்திரம் வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் கையில் இருப்பது கடன் சீட்டுதான், வீட்டின் மேல் பிடிப்பு இல்லை. பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பேங்க்குக்கு மூலப்பத்திரத்தை ஒப்படைத்த ஆவணம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். ஓனர் கடன் கட்டாமல் பேங்க் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தில் வீட்டை எடுத்தால், அடமானத்துக்குப் பிறகு பேங்க்கைக் கேட்காமல் உள்ளே வந்தவர் "என் 8 லட்சம்" என்று வாசலை மறிப்பது எடுபடாது. ஓனரைத் துரத்த வேண்டியதுதான், அவரிடம் இருந்தால்.

---

முன்சீப்கோர்ட்_வாசல் எழுதியது:

@ஆதம்பாக்கம்_முதல்மாடி, ஒன்று விட்டுப்போச்சு. அந்த வீடியோவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைத்துக்கொண்டு போனை மாற்றிவிடாதீர்கள். 1.7.2024 முதல் மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான குறியீடு) கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்து போன வீடியோ சுருங்கி வேறு கோப்பாகியிருக்கும், போனில் முதலில் பதிவான கோப்பையே பென்டிரைவில் ஏற்றுங்கள். சாவி கொடுத்த அன்று ஓனர் அனுப்பிய "ஓகே, சாவி வாங்கியாச்சு" மாதிரி ஒரு வரி இருந்தால் அதைத் தேடி எடுங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டிய ஒரு மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

---

ஆதம்பாக்கம்_முதல்மாடி எழுதியது:

இருக்கிறது, கட்டைவிரல் எமோஜியோடு. கடிதம் நாளைக்குப் போகிறது, 33,400.