பனையோலைப் பெட்டிக்குள் வைக்கும் சிறு கையேடு: எத்தனை பக்கம், என்ன அளவு?

கேள்வி:
ஆடுபுலி ஆட்டத்துக்கான துணிப்பலகையையும் காய்களையும் பனையோலைப் பெட்டியில் வைத்து விற்கவிருக்கிறோம். ஆட்ட விதிகளைச் சொல்லும் சிறு கையேடு ஒன்றும் உள்ளே இருக்க வேண்டும். பெட்டியின் உள்ளளவு 115 × 80 மி.மீ.; தட்டச்சு செய்த உரை 18 பக்கம் வருகிறது. நடுவில் பின் அடித்த கையேடாக 3000 பிரதிகள் வேண்டும். எதை முதலில் முடிவு செய்வது?

பதில் 1 (அச்சகம் நடத்துபவர்):
உரையை ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் வெற்றுத்தாளை மடித்து ஒரு டம்மி செய்து பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். நடுப்பின் கையேட்டின் பக்கங்கள் 4இன் மடங்காகவே அமையும் என்பதால், 18 பக்கம் என்பது 16 ஆகவோ 20 ஆகவோதான் மாற முடியும். உங்களுக்கு 16தான் பொருத்தம். வெட்டிய அளவை 70 × 100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கையேட்டை விரலால் எடுக்க இடம் இருக்கும். அத்துடன், ஓரம் வெட்ட இடம் விட்ட பின்னும் 12 × 18 அங்குலத் தாளின் ஒரு புறத்திலேயே 16 பக்கங்களும் அடங்கிவிடும். அதே பிளேட்டில் (அச்சுத்தகட்டில்) தாளைத் திருப்பி மறுபுறமும் அச்சிட்டுப் பாதியாக வெட்டினால், ஒரு தாளுக்கு 2 பிரதிகள் கிடைக்கும். சில நூறு பிரதிகள்தான் என்றால் டிஜிட்டல் போதும். 3000 பிரதிகளுக்கு, பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட்டே கட்டுப்படியாகும்.

தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ, அதாவது பளபளப்புப் பூச்சில்லாத சாதாரணத் தாள், போதும். அட்டைக்குத் தனித்தாள் வேண்டாம். தாளின் நார் முதுகுமடிப்புக்கு இணையாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் இவ்வளவு சிறிய கையேடு மூடியே நிற்காது. ஓலை ஈரத்தை இழுக்கும் என்பதால், துருப்பிடிக்காத கம்பியில் பின் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் 2 (வடிவமைப்பாளர்):
இரண்டு பக்க உரையைக் குறைக்க எழுத்தைச் சிறிதாக்கிவிடாதீர்கள். சுழிகள் நிறைந்த நம் எழுத்துகள் 8 பாயின்ட் அளவுக்குக் கீழே போனால், மேப்லித்தோவில் மை பரவிச் சுழிகள் அடைபட்டுவிடும். தமிழ் எழுத்துருவை அவுட்லைனாக (வெறும் வடிவக் கோடுகளாக) மாற்றிய பிடிஎஃப் கொடுத்தாலும், அச்சுக்கு முன் ப்ரூஃபை (சரிபார்க்கும் மாதிரிப் படியை) ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கொம்பும் புள்ளியும் இடம்மாறுவது அந்தக் கட்டத்தில்தான் கண்ணில் படும். விலை, நிகர எண்ணிக்கை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றை 2011ஆம் ஆண்டின் பொதியிடப்பட்ட பொருள்கள் விதிகளின்படி பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்பதால், அவற்றுக்கென்று கையேட்டில் பக்கம் ஒதுக்கத் தேவையில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. 16 பக்கமே வைத்துக்கொள்கிறோம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள் கொண்ட கட்டப்படத்தை எங்கே வைப்பது?

பதில் 1:
8, 9ஆம் பக்கங்களில் வையுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே தாளில் முறியாமல் வருவது நடுவிரிப்பில் மட்டுமே. மற்ற இடங்களில் மடிப்பு சிறிது பிசகினாலும் கோடுகள் ஒட்டாது. முக்கோணத்தின் உச்சி மடிப்பின் மேல் நிற்கட்டும். புள்ளி எதுவும் பின்னுக்கு அடியில் சிக்காதபடி, இரண்டு பின்களின் இடத்தையும் டம்மியிலேயே குறித்து அச்சகத்தாரிடம் கொடுத்துவிடுங்கள்.