மினி டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டும்போது வலது லிங்க் சேரவில்லை

ஆனேக்கல் தோட்டம்:
வணக்கம். பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கத் தோட்டத்துக்குப் பழைய மினி டிராக்டரும் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரும் வாங்கியிருக்கிறோம். டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டும் கீழ்க் கைகள் இரண்டில் (லோயர் லிங்க்) இடது மாட்டிவிடுகிறது. வலது பக்கம் இரண்டு விரல் தள்ளியே நிற்கிறது. நான் வண்டியைப் பின்னால் எடுக்க, உதவிக்கு வருகிறவர் நடுவில் நின்று கடப்பாரையால் நெம்புகிறார். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தூக்கும்போது, டிராக்டரிலிருந்து கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்டில் டக் டக் என்று சத்தமும் வருகிறது.

ஓசூர் மெக்கானிக்:
சார், முதலில் அந்த நெம்புகிற வேலையை நிறுத்துங்கள். வண்டி நகரும்போது டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. கிளட்ச்சில் கால் வழுக்கினால் போதும், நடுவில் இருப்பவர் ஒதுங்க நேரமே கிடைக்காது. அவர் பக்கவாட்டில், உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கட்டும். கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

சமதரையில் நேராகப் பின்னால் வந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு இறங்குங்கள். லிங்க்குகளைப் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினைத் தளர்த்துங்கள். இடது பக்கத்தை முதலில் மாட்டுவது சரிதான், பெரும்பாலான வண்டிகளில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வலது பக்கம்தான் இருக்கும். அதைத் திருகினால் ஓட்டை நேராகும், கடப்பாரையே வேண்டாம். அப்புறம் மேலே நடுவில் இருக்கும் டாப் லிங்க். ஷாஃப்ட் கடைசியில். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். லிங்க் கழன்று வராமல் பூட்டும் லிஞ்ச் பின்னுக்குப் பதில் ஆணியோ கம்பியோ போட வேண்டாம்.

சர்ஜாபுரம் விவசாயி:
சத்தத்துக்கு நான் சொல்கிறேன். ஷாஃப்ட் சுழலும்போது அதிகம் தூக்கினால் மூட்டுகளில் கோணம் கூடிப்போய் அப்படித் தட்டும். திரும்பும்போது பிடிஓவை (ஷாஃப்ட்டைச் சுழற்றும் டிராக்டரின் பின்பக்க அச்சு) நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கவை போல இருக்கும் யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாஃப்ட் நீளமாக இருந்தால் குழாய் உள்ளே போய் இடித்து கியர்பாக்ஸையே உடைக்கும். அளந்து பார்க்க கருவியைத் தூக்கினால் அடியில் உறுதியான கட்டை வையுங்கள், ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறை உண்டா? பிடிஓ 540 ஆர்பிஎம்மில் சுழல்கிறது, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. லுங்கியோ துண்டோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

ஆனேக்கல் தோட்டம்:
மிக்க நன்றி அண்ணா. திருகியதும் வலது பக்கம் உட்கார்ந்துவிட்டது. உறை உடைந்திருக்கிறது, புதிது போட்ட பிறகுதான் ஓட்டுவேன். ஆனால் லோயர் லிங்க் இரண்டிலும் கருவியின் பின் (pin) லொடலொட என்று ஆடுகிறதே?

ஓசூர் மெக்கானிக்:
பின்னையும் ஓட்டையையும் அளந்து பாருங்கள். மினி டிராக்டர் கருவிகளில் இணைப்பு அளவு பெரும்பாலும் கேட்டகரி 1, பின் 22 மி.மீ. இருக்கும். ஓட்டை 28 மி.மீ.க்கு மேல் இருந்தால் யாரோ அதைவிடப் பெரிய கேட்டகரி 2 லிங்க் மாற்றியிருக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பும் வளையம், அதாவது புஷ் கிடைக்கும், டிராக்டர் உதிரிபாகக் கடையில் இரண்டு அளவையும் சொல்லிக் கேளுங்கள். ஓட்டை சரியான அளவிலேயே இருந்து பின் தேய்ந்திருந்தால் பின்னை மட்டும் மாற்றினால் போதும்.