ஹைலாண்டர் ஹைப்ரிட்டில் 17 அடி ட்ரெய்லர் இழுக்கலாமா? (ஒன்டாரியோ)

பிராம்ப்டன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் நானும் மனைவியும், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் என் அம்மா. நாலு வருடமாகக் கூடாரத்தோடுதான் கேம்பிங் போகிறோம். போன ஆகஸ்டில் பான் எக்கோ பூங்காவில் இரண்டு நாள் விடாத மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் போட்ட மெத்தையிலிருந்து எழுந்திருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இனிக் கூடாரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

ஒரு கடையில் 2017 மாடல் ட்ரெய்லர் ஒன்று பார்த்தோம். 17 அடி, ஒற்றை அச்சு, முன்னால் பெரிய கட்டில், பின்னால் அடுக்குக் கட்டில், சின்னக் கழிப்பறை, ஏசி எல்லாம் இருக்கிறது. வெறும் எடை 2,950 பவுண்டு என்று தாளில் போட்டிருக்கிறது. எங்கள் வண்டி 2021 டொயோட்டா ஹைலாண்டர் ஹைப்ரிட், இழுக்கும் வரம்பு 3,500 பவுண்டு. "இன்னும் 550 பவுண்டு மிச்சம் இருக்கிறதே, தாராளமாக இழுக்கும்" என்கிறார் விற்பவர். சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்.

இதை நம்பி வாங்கலாமா? தனியாக லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? பிரேக் எப்படி வேலை செய்யும்? நம் சமையலுக்கு அதில் என்னென்ன வைத்துக்கொள்வது? எனக்கு இதில் அனுபவமே இல்லை, அதனால் அடிப்படையிலிருந்து சொன்னாலும் பரவாயில்லை.

---

கொக்கி_மில்டன் எழுதியது:

நண்பரே, முன்பணம் கட்டாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2,950 என்பது தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது உள்ள எடை. அந்த எடையில் யாரும் அதைச் சாலையில் இழுத்துக்கொண்டு போவதில்லை. பேட்டரி ஒன்று சுமார் 50 பவுண்டு. நிரப்பிய புரொபேன் சிலிண்டர் 37 பவுண்டு. 30 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 250 பவுண்டு. பாத்திரம், படுக்கை, நாற்காலி, ஐந்து பேர் துணி, சாப்பாட்டுச் சாமான், குழாய், மின்கம்பி எல்லாம் சேர்த்து 500 பவுண்டு என்பது குறைவான கணக்குதான். கூட்டினால் 3,787. உங்கள் வரம்பைத் தாண்டி கிட்டத்தட்ட 290 பவுண்டு. தண்ணீரை இடத்துக்குப் போய்ப் பிடித்தாலும் 3,537, அப்போதும் தாண்டுகிறது. ட்ரெய்லரின் இடது பக்கம் முன்மூலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஜிவிடபிள்யூஆர் என்ற எண்ணைப் பாருங்கள். சாமான் ஏற்றிய பிறகு அந்த ட்ரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பது அது. கடைக்காரர் சொல்லும் வெறும் எடையை விட்டுவிட்டு இந்த எண்ணை உங்கள் வண்டியின் வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது டங் வெயிட், அதாவது காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் கொக்கி மேல் ட்ரெய்லரின் மூக்கு கீழ்நோக்கி அழுத்தும் எடை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும். 3,787க்கு 12 சதவீதம் என்றால் 454 பவுண்டு. ஆனால் 3,500 பவுண்டு வகைக் கொக்கியில் டங் வரம்பு 350 என்று இருப்பதுதான் வழக்கம். உங்கள் கொக்கியிலேயே ஸ்டிக்கர் இருக்கும், குனிந்து ஒரு முறை படித்துவிடுங்கள். அதோடு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். டங் வெயிட்டும் அந்தக் கணக்கில் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஐந்து பேர், 200 கிலோ டங், பின்னால் ஐஸ் பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

காற்றும் ஒரு சுமைதான். எட்டடி உயரப் பெட்டியை நெடுஞ்சாலையில் இழுப்பது ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி. ட்ரெய்லரின் முன்பக்கப் பரப்பு எவ்வளவு வரை இருக்கலாம் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெட்ரோல் செலவை இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரணமாகக் கார் ஓட்டும் ஜி லைசென்ஸ் இருந்தால் 4,600 கிலோ வரை இழுக்கலாம். ட்ரெய்லருக்குத் தனி நம்பர் பிளேட், ஒரு முறை எடுத்தால் போதும். காப்பீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் நகராட்சியில் வீட்டு முன்னால் நிறுத்த அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஊருக்கு ஊர் விதி மாறும்.

---

பாரி சவுண்ட் பாதை எழுதியது:

மேலே சொன்ன கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு கில்பேர் பூங்காவுக்குப் போகிறோம், 400-ம் நெடுஞ்சாலையில் பாரி நகரத்தைத் தாண்டி வடக்கே. கிளம்பும்போது இடம் போதவில்லை என்று இரண்டு சைக்கிளையும் ஐஸ் நிரம்பிய பெட்டியையும் ட்ரெய்லரின் பின் பம்பரில் கட்டினேன். மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தது, அதனால் தப்பு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். பின்னால் எடை ஏறியதால் முன்னால் டங் வெயிட் இறங்கிவிட்டது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒரு இறக்கத்தில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்தது. ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது, இடம், வலம், இடம், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரியது, காரின் பின்பக்கத்தையே தூக்கி வீசுகிற மாதிரி இழுத்தது. பின் இருக்கையில் மகள் அழுத குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அழுத்தினால் ஆட்டம் இன்னும் மோசமாகும். ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், காரிலிருந்தே ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரில் கையால் அழுத்தும் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் ட்ரெய்லர் பிரேக் மட்டும் பிடித்து அதை நேராக்கும். நான் அந்தப் பொத்தானால்தான் தப்பித்தேன். அன்றிலிருந்து கனமான சாமானில் பெரும்பகுதியை அச்சுக்கு முன்னால்தான் வைக்கிறேன், பின் பம்பரில் எதுவும் கிடையாது, வேகம் 95-ஐத் தாண்டுவதில்லை.

பிரேக் எப்படி வேலை செய்யும் என்று கேட்டிருந்தீர்கள். ட்ரெய்லர் சக்கரத்துக்குள் மின்காந்தம் இருக்கும். நீங்கள் காரில் பிரேக் பிடிக்கும்போது கன்ட்ரோலர் அதற்கு மின்சாரம் அனுப்பும். அதற்கு 7 முனை பிளக் வேண்டும். உங்கள் வண்டியில் விளக்குக்கான 4 முனை மட்டும் இருந்தால் வயரிங் போட வேண்டியிருக்கும். பிளக்கிலேயே செருகிக் கைபேசியால் கட்டுப்படுத்தும் கர்ட் எக்கோ போன்றவையும் உண்டு. ஒன்டாரியோவில் ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் பிரேக் சட்டப்படி கட்டாயம். அதற்குக் கீழே இருந்தாலும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர் பிரேக் இல்லாமல் இழுக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

டயரையும் விடாதீர்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். நீங்கள் பார்த்த ட்ரெய்லரில் அப்படி இருந்தால் டயரின் பூ (தரையில் படும் வரிகள்) நன்றாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வெயிலிலும் வயதிலும் வெடித்துப் போவதுதான் அதிகம்.

---

ஸ்காபரோ அக்கா எழுதியது:

தம்பி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். உங்களுக்கு வேறொரு வழி சொல்கிறேன், ஒருக்கா யோசித்துப் பாருங்கோ.

இப்போது நானும் இவரும் மட்டும் என்பதால் எங்களிடம் 13 அடி போலர் இருக்கிறது. 1968-இல் வின்னிபெக்கில் செய்யத் தொடங்கிய முட்டை வடிவ ட்ரெய்லர். மேல் ஓடும் கீழ் ஓடுமாக இரண்டு ஃபைபர்கிளாஸ் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது, மூட்டு குறைவு என்பதால் ஒழுக்கும் குறைவு. ஆனால் உங்கள் ஐந்து பேருக்கு அது காணாது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, மாமியும் எங்களோடு இருந்தா, நாங்கள் எட்டு வருடம் வைத்திருந்தது டென்ட் ட்ரெய்லர். ஓடும்போது தாழ்வான பெட்டி, காற்றுக்கு அவ்வளவு முகம் கொடுக்காது. இடத்துக்குப் போய்க் கூரையை உயர்த்தி இரண்டு பக்கமும் கட்டிலை இழுத்துவிட்டால் நாலு பேர் படுக்கலாம், நடுவிலிருக்கும் மேசையை இறக்கினால் ஐந்தாவது கட்டில். அந்த மேசைக் கட்டில் கதிரை உயரத்தில் இருக்கும், முழங்கால் வருத்தக்காரர் இருந்து எழும்ப அதைவிட வசதி வேறில்லை. மாமி அதில்தான் படுத்தா. ஏற்றின எடை 2,500 பவுண்டுக்குள் வருகிற மாதிரி கனக்க மாடல்கள் உண்டு. இரவில் அவவுக்குக் கையடக்கக் கழிப்பறை ஒன்றை உள்ளேயே ஒரு திரைக்குப் பின்னால் வைத்தோம். ஒரே ஒரு கரைச்சல், மழையில் மடித்தால் வீட்டுக்கு வந்தவுடன் விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியில் பூஞ்சணம் பிடிக்கும்.

சமையல். தாளிப்பதை உள்ளே செய்யாதீர்கள், சின்ன இடம், எண்ணெய்ப் புகை துணியிலும் மெத்தையிலும் ஏறினால் போகவே போகாது. வெளியே இரண்டு அடுப்புள்ள புரொபேன் ஸ்டவ் வையுங்கோ. காற்றுக்கு மறைப்பு வேண்டும். மின்சாரம் உள்ள இடத்தில் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட், ஏசி ஓடும்போது ரைஸ் குக்கரும் இண்டக்சன் அடுப்பும் ஒன்றாய்ப் போட்டால் பிரேக்கர் விழும். சோற்றை முதலில் வைத்து முடித்துவிட்டு மற்றதைப் போடுங்கோ. தேங்காய்ச் சம்பல், அரைத்த கறிக்கூட்டு எல்லாம் வீட்டிலேயே செய்து உறையவைத்துக் கொண்டு போனால் ஐஸ் பெட்டிக்கும் குளிர் கிடைக்கும். இட்லிச் சட்டியை விடாதீர்கள், மாவை ஐஸில் வைத்தால் இரண்டாம் நாளுக்கும் நிற்கும். சாப்பிட்ட கையோடு எல்லாவற்றையும் காருக்குள் பூட்டுங்கோ, குப்பையையும்தான். அல்கோன்குவினில் கரடி வரும், மணம் பிடித்தால் திரும்பத் திரும்ப வரும்.

தண்ணியைப் பற்றி ஒருவரும் சொல்லித் தருவதில்லை. நாங்கள் அரிசி கழுவ, கறிச்சட்டி கழுவ, கால் கழுவ என்று கனக்கச் செலவழிக்கிற ஆட்கள். தொட்டித் தண்ணி நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடியும், அதைவிடச் சீக்கிரம் கழிவுத் தண்ணித் தொட்டி நிரம்பும். அதை நிலத்தில் ஊற்றக் கூடாது, பூங்காவில் அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் விட வேண்டும். ஒரு வாளி, ஒரு குவளை, குளிப்பதற்குப் பூங்காவின் பொதுக் குளியலறை, இவ்வளவும் போதும்.

---

பிராம்ப்டன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மறுபடி போய் ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஜிவிடபிள்யூஆர் 3,800. என் கொக்கியில் டங் 350. டயர் எண் 1917. பின்மூலையில் ஜன்னலுக்குக் கீழே சுவரை அழுத்தினால் ஊறிய அட்டை மாதிரி உள்ளே போனது, அதைப் பற்றி விற்பவர் சொல்லவே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன், கதிரை உயரம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குவெல்ஃபில் ஒருவர் 2014 டென்ட் ட்ரெய்லர் விற்கிறார், வெறும் எடை 1,750, ஜிவிடபிள்யூஆர் 2,500, மின் பிரேக் இருக்கிறதாம். ஞாயிறு காலை போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

---

ஸ்காபரோ அக்கா எழுதியது:

கூரையை நீங்களே ஒருக்கா முழுக்க ஏற்றி இறக்குங்கோ, நாலு மூலையும் ஒரே சீராய் உயர வேண்டும், கேபிள் போனால் மாற்றச் செலவு கூட. துணியை மடிப்புகளுக்குள் விரித்து மணந்து பாருங்கோ. கட்டிலின் கீழ்ப்பலகை ஊறியிருக்கிறதா என்று விரலால் தட்டுங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவவே அந்த மேசைக் கட்டிலில் இருந்து எழும்பிப் பார்க்கட்டும்.

---

கொக்கி_மில்டன் எழுதியது:

2,500 என்றால் நிம்மதி. கேஸ் கசிந்தால் ஒலியெழுப்பும் டிடெக்டரில் தேதியைப் பாருங்கள், ஐந்து முதல் ஏழு வருடம்தான் அதற்கு ஆயுள், 2014-லிருந்து அப்படியே இருந்தால் அது வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரக் கூடாது. வாங்கி வரும் வழியிலேயே 80 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கிப் பாருங்கள். ரிவர்ஸ் பழக ஞாயிறு மாலை காலியான பார்க்கிங் போதும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். மனைவி கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்று சொல்லட்டும். டயர் எண்ணைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஞாயிறு நான் பார்த்துச் சொல்கிறேன்.