விக்டோரினாக்ஸ் கத்தி: ஒரிஜினலா டூப்ளிகேட்டா, எப்படிப் பார்ப்பது?

மலையேறி_கோவை:
வணக்கம். விக்டோரினாக்ஸ் என்ற ஸ்விஸ் கம்பெனியின் ஸ்பார்ட்டன் மாடல், அதாவது பிளேடு, டின் ஓப்பனர் என்று பல கருவிகள் அடங்கிய மடக்குக்கத்தி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். இணையத்தில் அதே படம், அதே பெயர். விலை மட்டும் 499 ரூபாயில் தொடங்கி எங்கேயோ போகிறது. உக்கடம் பக்கம் ஒரு பிளாட்பாரக் கடையிலும் சிவப்புக் கைப்பிடி, வெள்ளை பிளஸ் குறியோடு ஒன்று கிடந்தது. "ஒரிஜினல் ஸ்விஸ் சார்" என்று கடைக்காரர் சத்தியமே செய்தார். பிளேடில் பெயர் இருந்தால் நம்பலாமா?

பேனாக்கத்திப்_பித்தன்:
பெயரை நம்பாதீர்கள். எழுத்துப் பொறிப்பதற்கு என்ன செலவாகும்? பெரிய பிளேடின் அடியில் விக்டோரினாக்ஸ், ஸ்விஸ் மேட் என்று இல்லாவிட்டால் கீழே வைத்துவிடலாம், அவ்வளவுதான். இருந்தால் அதற்கப்புறம்தான் சோதனையே ஆரம்பம்.

போலி செய்பவன் மிச்சம் பிடிப்பது பொருத்தத்தில். கத்தியை மூடி, முதுகுப் பக்கம் விரலை ஓட்டுங்கள். ஸ்பிரிங்கும் பக்கத் தகடுகளும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். நகம் தட்டக் கூடாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அடுக்குகளுக்கு இடையே கோடு தெரியக் கூடாது. அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். நல்ல கத்தி கடைசியில் தானாக 'டக்'கென்று உட்காரும். திறந்த பிளேடைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் கடைக்காரரின் சத்தியத்தை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

பளபளப்பான சிவப்பு பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் வெளியே ஆணித் தலை எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் உள்ளே இருக்கும் ஆணியைக் கவ்வி உட்காரும். ஆணி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் அலாக்ஸ் என்ற அலுமினியக் கைப்பிடி மாடல்களில் ஆணி தெரியும், அது சரிதான். குறியும் அப்படித்தான். ஸ்பார்ட்டன் மாதிரிப் பளபளப்பு மாடலில், கேடயத்துக்குள் பிளஸ் போட்ட அந்தக் குறி பதித்த உலோகம். மங்கலான நைலான் கைப்பிடி போட்ட ஈகோலைன் மாடல்களில் அச்சடித்த குறிதான் இருக்கும், அதைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம்.

எனக்குப் பிடித்த சோதனை தராசு. ஸ்பார்ட்டன் 91 மில்லிமீட்டர் நீளம், சுமார் 60 கிராம். உள்ளே அடுக்குகளைப் பிரிக்கும் தகடு அலுமினியம் என்பதால்தான் இவ்வளவு லேசு. போலியில் பல சமயம் அங்கே இரும்புத் தகடு வைத்துவிடுவார்கள், கையில் எடுத்ததுமே கனக்கும். 'கனமா இருக்கு, நல்ல சரக்கு' என்று நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான்.

துபாய்_ரிட்டர்ன்:
என் சித்தப்பா கொடுத்த பழைய கத்தியில் வெங்கர் என்று இருக்கிறது. குறியைச் சுற்றிக் கேடயமும் இல்லை, மூலை மழுங்கிய சதுரம்தான். அப்போ இது டூப்ளிகேட்டா?

பேனாக்கத்திப்_பித்தன்:
வெங்கர் தனி கம்பெனியாக இருந்தது. ஸ்விஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்த இன்னொரு ஆள், ஸ்விட்சர்லாந்தின் டெலேமோன் ஊர். 2005-ல் விக்டோரினாக்ஸ் வாங்கிக்கொண்டது. அந்தச் சதுரம்தான் அவர்களுடைய குறி. டின் ஓப்பனரைப் பாருங்கள்: விக்டோரினாக்ஸில் முன்னால் தள்ளித் தள்ளி வெட்டுவோம், வெங்கரில் பின்னால் இழுத்து. பழைய விக்டோரினாக்ஸிலும் பொறிப்பு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, இன்றைய கத்தியோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடாதீர்கள். பொருத்தம் நன்றாக இருந்தால் சித்தப்பா கத்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா_ஒருவன்:
மாங்காய் நறுக்கவும் கயிறு அறுக்கவும் இவ்வளவு ஆராய்ச்சியா? நம்ம ஊர் மடக்குக்கத்தி போதாதா?

பேனாக்கத்திப்_பித்தன்:
தாராளமாகப் போதும். தன் சொந்தப் பெயரில் விற்கும் மலிவான கத்தியோடு எனக்குச் சண்டையே இல்லை. அடுத்தவன் பெயரைத் திருடிய கத்திதான் பிரச்சினை. போலியின் இரும்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. விக்டோரினாக்ஸ்காரர்கள் பிளேடைச் சுமார் 56 ராக்வெல் (உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் அளவு) கடினத்துக்குப் பதப்படுத்துகிறார்கள், ஸ்பிரிங்கை 49-க்கு. முறுக்கும்போது ஸ்பிரிங் கைவிட்டால் பிளேடு மடங்குவது உங்கள் விரல் மேல்தான். இந்தக் கத்திக்கு லாக் கிடையாது.

மலையேறி_கோவை:
ரொம்ப நன்றி அண்ணா. பிளாட்பாரக் கத்தியை மறுபடி போய்ப் பார்த்தேன். கைப்பிடியில் செருகியிருக்கும் சின்ன இடுக்கி, தலைகீழாகப் பிடித்ததும் நழுவி விழுந்துவிட்டது, பல்குத்தியைக் காணவே காணோம். விட்டுவிட்டேன். இணையத்தில் வாங்கினால், கைக்கு வரும் முன்னே என்ன பார்ப்பது?

பேனாக்கத்திப்_பித்தன்:
படத்தைப் பார்க்காதீர்கள், அது கம்பெனி படம், யாரும் எடுத்துப் போடலாம். விற்பவர் பெயரைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் பல பேர் விற்பார்கள். குறைந்த விலைக்காரர் யாரென்று தெரியாமல் அழுத்திவிடாதீர்கள். கம்பெனியின் இந்திய இணையதளத்தில் அதே மாடலின் விலை என்ன என்று பார்த்துவிட்டு, பாதிக்கும் கீழே யாராவது போட்டிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் போட்ட புகைப்படங்களைக் கட்டாயம் பாருங்கள். பொருள் வந்ததும் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் தராசில் வையுங்கள். பில்லைத் தூக்கிப் போட வேண்டாம்.

அப்புறம், மலைக்கு விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள். ஒரிஜினலையும் பிடுங்கிக்கொள்வார்கள்.