மஞ்சள் இலையைச் சுருட்டும் பச்சைப் புழு: இது அந்துப்பூச்சியா, வண்ணத்துப்பூச்சியா?

கோபிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் வரப்போரமாகக் கொஞ்சம் மஞ்சள் போட்டிருக்கிறோம். ஆவணி மழைக்கு அப்புறம் பார்த்தால் சில இலைகளின் ஓரம் குழல் மாதிரி சுருண்டு, வெள்ளை நூலால் தைத்தது போல ஒட்டிக் கிடக்கிறது. பிரித்தால் உள்ளே வெளிறிய பச்சைப் புழு, தலை மட்டும் கன்னங்கரேல். ஒன்றை இலையோடு டப்பாவில் போட்டு வைத்தேன், அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பிறகு ஒரு தடித்த உடம்புப் பூச்சி வெளியே வந்தது. கரும்பழுப்பு நிறம், முன்சிறகில் வெள்ளைப் புள்ளிகள், பின்சிறகு நடுவே பெரிய வெள்ளைத் திட்டு. ஊரில் அந்துப்பூச்சி என்கிறார்கள், செல்போன் செயலியோ ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் சொல்கிறது. இது என்னங்க? மருந்துக் கடையில் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டார்கள், அடிக்கலாமா?

சிறகன்:
அந்து இல்லை, வண்ணத்துப்பூச்சிதான். ஸ்கிப்பர் குடும்பம், ஆங்கிலத்தில் கிராஸ் டீமன் என்பார்கள், அறிவியல் பெயர் உடாஸ்பெஸ் ஃபோலஸ். நீங்கள் சொன்ன அந்தப் பின்சிறகு வெள்ளைத் திட்டு போதும், நம் பக்கம் இஞ்சிக் குடும்பச் செடியில் வளரும் ஸ்கிப்பரில் வேறு எதற்கும் இப்படி இருக்காது. ரெஸ்ட்ரிக்டட் டீமன் என்று ஒன்றும் இதே செடிகளில் முட்டையிடும், ஆனால் அதற்கு வெள்ளை முன்சிறகில் ஒரு பட்டையாக மட்டும் ஓடும், பின்சிறகு முழுக்கக் கருப்பு.

அடுத்த தடவை ஒன்று வெளியே வந்தால் உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். மற்ற வண்ணத்துப்பூச்சிகளுக்கு நுனி குமிழாக முடியும், இதற்குத் தடித்த பிறகு தூண்டில் முள் போல வளைந்து கூராகும். இரண்டு கொம்பும் தலையில் நன்றாகத் தள்ளித் தள்ளி முளைத்திருக்கும். உடம்பு தடிப்பதும் சிறகு சின்னதாக இருப்பதும்தான் ஆட்களை அந்து என்று நினைக்க வைக்கிறது. சிறகு விரித்தால் 4, 5 சென்டிமீட்டர்தான் வரும், ஆனால் ஸ்கிப்பரில் இது பெரிய சைஸ்.

பவானிக்கரை:
தம்பி, அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இலைசுருட்டி மஞ்சளில் எப்போதும் வருவதுதான், மழைக் காலத்தில் கொஞ்சம் கூடும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. சுருளைக் கையாலேயே நசுக்கலாம், இல்லாவிட்டால் இலையோடு கிள்ளிப் போடலாம். நான் பயப்படுவது தண்டு துளைப்பானுக்குத்தான். தண்டில் ஓட்டை, ஓட்டை வாயில் ஈரமான சக்கை, நடுக்குருத்து மஞ்சளாகிக் காய்வது, இது தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள். கடைக்காரருக்கு இரண்டுக்கும் ஒரே பாட்டில்.

மாடித்தோட்டம்:
அண்ணா சொல்வது காட்டுக்குச் சரி. தொட்டியில் ரெண்டே செடி வைத்திருக்கிற எங்களுக்கு ரெண்டு புழு வந்தால் பாதி இலை காலி. அதுவும் பெரிய புழு ஒரு சுருளைத் தின்று முடித்துவிட்டுப் பக்கத்து இலையில் புதுச் சுருள் கட்டும். நான் காட்டு மஞ்சள் ஒரு தொட்டி தனியாக வைத்து, புழுவை அதற்கு மாற்றிவிடுகிறேன். நன்றாகவே தின்கிறது.

நூலகப்பூனை:
வகைப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். முதலில் 1775-இல் கிராமர் இதை பாப்பிலியோ என்ற பேரினத்தில் வைத்தார், அந்தக் காலத்தில் கண்ணில் பட்ட வண்ணத்துப்பூச்சி பாதியும் அதற்குள்தான் போனது. உடாஸ்பெஸ் என்ற பேரினத்தை மூர் 1881-இல் இலங்கைப் பூச்சிகளைப் பற்றி எழுதும்போது உண்டாக்கினார். இதில் நம் கிராஸ் டீமனைத் தவிர இன்னும் ஒரே ஒரு இனம்தான் உண்டு, அது சீனப் பக்கத்தது.

ஸ்கிப்பர் குடும்பத்தின் அறிவியல் பெயர் ஹெஸ்பிரிடே. இந்தக் குடும்பத்தை நெடுநாள் மற்ற வண்ணத்துப்பூச்சிகளோடு சேர்க்காமல் தனிப் பெருங்குடும்பமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். ‘அந்து பாதி, வண்ணத்துப்பூச்சி பாதி’ என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது கதை மாறிவிட்டது: வண்ணத்துப்பூச்சிக் கிளையில் முதலில் பிரிந்துபோனது நாம் அசல் வண்ணத்துப்பூச்சி என்று கொண்டாடும் வால்சிறகுக் குடும்பம், ஸ்கிப்பர் மீதிக் கும்பலுக்குள் இருக்கிறது. எனவே இது வண்ணத்துப்பூச்சிதான் என்று ஊர்க்காரர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், இத்தனை சுருள் இருக்கிறதே, பறக்கிற பூச்சியை ஒரு நாளும் பார்த்ததில்லையே?

சிறகன்:
வெயிலில் திரியாது. விடியற்காலை, சாயங்காலம், மேகமூட்டம், இப்படிப்பட்ட நேரத்தில் நிழலில் தாழ்வாக விசுக்கென்று பறந்து இலைமேல் உட்காரும், கண் அதைப் பிடிப்பதற்குள் இடம் மாறிவிடும். இலங்கையிலிருந்து ஜப்பானின் தெற்குத் தீவுகள் வரை இருக்கிறது, இஞ்சி, மஞ்சள் குடும்பச் செடியும் கொஞ்சம் ஈரமும் நிழலும் இருந்தால் போதும். காட்டோரத்தில் பார்ப்பதைவிடத் தோட்டத்தில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

புழு அந்துவா ஸ்கிப்பரா என்று பார்க்கக் கழுத்தைக் கவனியுங்கள். பெரிய உருண்டைத் தலை, அதற்குப் பின்னால் கயிறு கட்டியது போல ஒடுங்கிய கழுத்து, அப்புறம்தான் உடம்பு. இந்தக் கழுத்து இருந்தால் ஸ்கிப்பர்.

பவானிக்கரை:
சாயங்காலம் போகும்போது பாட்டில் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள் தம்பி.